அப்பர் – சம்பந்தர்: ஓர் ஒப்பீடு (திருவதிகைப் பதிகங்களை முன்வைத்து)

திருநாவுக்கரசர் என்னும் அப்பரும் திருஞானசம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து பாடியவர்கள். தேவாரம் பாடிய மூவரில் ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒன்றாகப் பயணம் செய்து, ஒரே சன்னதியில் அடுத்தடுத்து நின்று பாடியவர்கள் இந்த இருவரே. சுந்தரர் பின்னால் வந்தவர். எனவே தமிழின் முதல் பெரும் பாடகர் இணை என்று இவர்களைச் சொல்வதில் தவறில்லை.

இரண்டு பேர் சேர்ந்து பாடினால் அவர்களில் யார் பெரியவர் என்ற கேள்வி எங்கும் எழுகிறது. அமெரிக்காவில் பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் 1970-இல் பிரிந்தார்கள். பாட்டை எழுதியவர் சைமன், குரலால் உயர்த்தியவர் கார்ஃபங்கல், இதில் எது முதன்மை என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. நம் திரையிசையில் விசுவநாதன் – ராமமூர்த்தி இணையில் வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் பெயர் வரிசையில் அவர் இரண்டாவது. 1965-இல் பிரிந்த பிறகு யார் என்ன செய்தார் என்று இரசிகர்கள் கணக்குப் பார்த்தபடியே இருந்தார்கள். அப்பர் – சம்பந்தர் விஷயத்தில் இந்தக் கணக்கு பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. மூத்தவர் பெயர் பின்னால் வருவதும் இங்கு உண்டு. திருமுறை வகுப்பில் சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்று, அப்பர் பாடல்கள் அடுத்த மூன்று. அப்பருக்கு முதுமை வந்தபோது சம்பந்தர் சிறுவர்.

பள்ளிப் பாடநூல்களின் வழியாக மாணவர்களுக்குப் பொதுவாகப் பதிந்திருக்கும் ஒப்பீடு இது: சம்பந்தர் இசை, அப்பர் உருக்கம், சம்பந்தர் ஞானம், அப்பர் தொண்டு, சம்பந்தர் மகன்மை நெறி, அப்பர் அடிமை நெறி. தேர்வில் 5 மதிப்பெண் வாங்க இது போதும். பாடல்களைத் திறந்து படிக்கிறவருக்குப் போதாது. இருவரும் பாடிய ஒரே தலத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் வேறுபாடு எங்கே இருக்கிறது, எங்கே நாம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம் என்பது தெளிவாகும். அதற்குத் திருவதிகையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

== திருவதிகையும் சுற்றுப்புறமும் ==

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியை ஒட்டி, கெடில ஆற்றின் வடகரையில் உள்ளது திருவதிகை வீரட்டானம். அட்ட வீரட்டங்களில் இது திரிபுரம் எரித்த தலம். அப்பர் பிறந்த திருவாமூர் இங்கிருந்து சில கல் தொலைவுதான். பெற்றோர் புகழனார், மாதினியார். பெற்றோர் மறைந்து, தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்துவிட, தம்பி மருணீக்கியாருக்காகவே அந்த அம்மையார் உயிர் வாழ்ந்தார் என்று பெரியபுராணம் கூறும். தம்பியோ பாடலிபுத்திரம் சென்று சமணராகித் தருமசேனர் என்ற பெயர் பெற்றார்.

இந்தப் பாடலிபுத்திரம் இன்றைய திருப்பாதிரிப்புலியூர், அதாவது கடலூர் நகரின் ஒரு பகுதி. அங்கிருந்த சமணப் பள்ளியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ‘லோகவிபாகம்’ என்னும் சமண நூல் கி.பி. 458-இல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மன் காலத்தில், அந்த ஊரோடு தொடர்புடையதாக அறியப்படுகிறது. தருமசேனர் அங்கே சேர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே அது கல்விக்குப் பெயர் பெற்ற இடம். அப்பரைப் பேசும்போது அந்தக் காலத்தை வெறும் வழிதவறலாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர் படித்தது அங்கேதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

சூலை நோய் வந்து, சமண மடத்தில் மருந்தும் மந்திரமும் பலிக்காமல், இரவோடு இரவாகத் தமக்கையிடம் திரும்பி, அவர் தந்த திருநீற்றைப் பூசிக்கொண்டு வீரட்டானத்தில் பாடிய ‘கூற்றாயினவாறு’ என்னும் பதிகமே அவர் முதல் பாட்டு. நான்காம் திருமுறையின் முதல் பதிகமும் அதுவே. பண் கொல்லி.

சம்பந்தரின் இசை வாழ்க்கையும் இந்த வட்டாரத்தோடு பின்னியது. அவர் பாடலை யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மனைவியார் மதங்கசூளாமணியாரும் விருத்தாசலம் பக்கத்திலுள்ள திருஎருக்கத்தம்புலியூர்க்காரர்கள். சிறுவர் நடந்து களைத்தபோது இறைவன் முத்துச் சிவிகை தந்ததாகச் சொல்லப்படும் திருநெல்வாயில் அரத்துறை பெண்ணாகடத்துக்கு அருகில் இருக்கிறது. பிற்காலத்தில் பாடல்கள் தில்லையில் கண்டெடுக்கப்பட்டபோது பண் அமைத்துத் தந்தவரும் எருக்கத்தம்புலியூர்ப் பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்றே திருமுறைகண்ட புராணம் சொல்கிறது.

== ஒரே சன்னதி, இரண்டு பாட்டு ==

திருவதிகைக்குச் சம்பந்தர் பாடியது ஒரே பதிகம். முதல் திருமுறையில் 46-ஆவது, பண் தக்கராகம். அப்பர் பாடியவை 16 பதிகங்கள். இந்த எண்ணிக்கையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். சொந்த ஊர்க்காரர் அதிகம் பாடுவது இயல்பு. பாடும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

சம்பந்தர் பதிகத்தின் முதல் பாட்டில் குள்ளப் பூதங்கள் கூட்டமாக நிற்கின்றன. இறைவன் கையில் தீ. கெடிலத்தின் தெளிந்த நீரில் கெண்டை மீன் பிறழ்கிறது. வண்டு பண் பாடுகிறது. மாலையாக விரிந்த கொன்றை பொன்னிறத்தில் இருக்கிறது. நான்கே அடிக்குள் இத்தனையும் வந்து, கடைசியில் எல்லாம் ஓர் ஆட்டத்தில் போய் முடிகின்றன. ஒவ்வொரு பாட்டிலும் இதே போலத்தான். வீரட்டானத்து இறைவன் ஆடுகிறான். சுற்றியுள்ள ஊரும் ஆறும் அந்த ஆட்டத்துக்குப் பக்கவாத்தியம். இந்தத் தலத்தில் இறைவன் சம்பந்தருக்குத் திருநடனம் காட்டியதாகச் சேக்கிழார் எழுதியது இந்தப் பதிகத்தைப் படித்துத்தான் என்று தோன்றுகிறது.

அப்பரின் முதல் பதிகத்தில் கெடிலம் என்ற பெயர் இருக்கிறது. மீன் இல்லை, வண்டு இல்லை, கொன்றையின் நிறம் பேசப்படுவதில்லை. இருப்பது ஒரு வயிறு. எமனைப் போல வந்த வலி, வெளியே தெரியாமல் உள்ளே குடலைப் பிடித்து முறுக்குகிறது, என்ன கொடுமை செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, தாங்க முடியவில்லை. ஆற்றங்கரையில் நிற்கிறவனுக்கு ஆறு கண்ணில் படவில்லை.

பிறகு அதே பதிகத்தில் நீர் வருகிறது. ஆனால் காட்சியாக வரவில்லை. கரையில் நின்றவர்கள் என்னை ஆழமான கயத்தில் தள்ளிவிட்டார்கள், கால் ஊன்ற ஒரு துறையும் அறியேன் என்கிறார். வெள்ளக் காலத்தில் கெடிலத்தையும் பெண்ணையாற்றையும் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த உவமை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. சம்பந்தருக்கு ஆறு இறைவனின் ஊருக்கு அழகு. அப்பருக்கு அது கால் எட்டாத பள்ளம். சம்பந்தர் வந்து பார்த்தவர், அப்பர் அங்கே வளர்ந்தவர் என்பதும் இதில் இருக்கலாம். அழகாக வருணிப்பது பெரும்பாலும் விருந்தாளிதான்.

இந்தப் பதிகத்தில் ஒரு சிக்கலும் உண்டு. நீரும் பூவும் தூபமும் கொண்டு வழிபட மறந்ததில்லை, தமிழோடு இசை பாடவும் மறந்ததில்லை என்ற பொருளில் ஒரு பாட்டு வருகிறது. நேற்றுவரை சமணப் பள்ளியில் இருந்தவர் இதை எப்படிச் சொல்ல முடியும்? இனி மறக்க மாட்டேன் என்று எதிர்காலப் பொருள் கொள்வோர் உண்டு. பிறர் பாடுவதற்காகப் பாடியது என்போரும் உண்டு. என் கருத்து வேறு. வலியில் இருப்பவர் நியாயம் பேசுவதில்லை. நான் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே என்று நோயாளி கட்டிலில் கிடந்து சொல்வது நாம் எல்லோரும் கேட்டிருக்கிற பேச்சு. அது வாக்குமூலம் ஆகாது, அரற்றல். அப்படிப் படித்தால் உரையாசிரியர்களுக்குத் தொல்லை இல்லை, பாட்டுக்கும் உயிர் போவதில்லை.

== கடைசிப் பாட்டில் யார் ==

இருவரின் வேறுபாட்டைப் பார்க்கப் பதிகத்தின் அமைப்பே நல்ல இடம். சம்பந்தர் பதிகங்கள் பெரும்பாலும் 11 பாட்டு. எட்டாவதில் கயிலையைத் தூக்கப் போய் நசுங்கிய இராவணன் வருவான். ஒன்பதாவதில் அடிமுடி தேடிய திருமாலும் நான்முகனும் வருவார்கள். பத்தாவதில் சமணரும் பௌத்தரும். பதினோராவது திருக்கடைக்காப்பு: காழி ஊர் ஞானசம்பந்தன் சொன்ன இத்தமிழைப் பாடுவோர்க்கு இன்ன நன்மை என்று தம் பெயரையும் ஊரையும் பலனையும் சொல்லி முடிப்பார். சீகாழிக்குள்ள 12 பெயர்களில் ஏதேனும் ஒன்று அங்கே வரும். சொல்லில் அப்படி ஒரு நிச்சயம். பாட்டு பலிக்குமா என்ற ஐயம் அவருக்கு எங்கும் இல்லை.

அப்பர் கையெழுத்துப் போடுவதில்லை. அவர் பதிகங்கள் பெரும்பாலும் இராவணனோடு முடிகின்றன. இதைச் சடங்கு என்று நினைத்து ஓதுவதும் உண்டு. ஆனால் அந்த முதல் பதிகத்தின் முடிவைப் பாருங்கள். மலைக்கீழ் அரக்கனை நசுக்கிப் பிறகு அருளும் செய்தாயே, அதை எண்ண மாட்டாயா என்று கேட்ட அதே மூச்சில், வேர்த்து, புரண்டு, விழுந்து, எழுந்து தவிக்கும் என் வேதனையை விலக்கக் கூடாதா என்கிறார். இராவணன் இங்கே பகைவன் இல்லை. செருக்கால் தவறு செய்து, பாரத்தின் கீழ் அகப்பட்டு, அலறி, பாடி, மன்னிப்புப் பெற்றவன். தருமசேனருக்கு அதைவிட நெருக்கமான கதை எது? சம்பந்தர் தம் பெயரை எழுதும் இடத்தில் அப்பர் இராவணனை எழுதினார் என்றால் அதுவே அவர் கையெழுத்து என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. சம்பந்தருக்கு எட்டாம் பாட்டில் வந்து போகிறவன் அப்பருக்குக் கடைசிவரை கூட வருகிறான்.

திருவதிகைக்கே உரிய தாண்டகங்கள் ஐந்து: ஏழைத் திருத்தாண்டகம், அடையாளத் திருத்தாண்டகம், போற்றித் திருத்தாண்டகம், திருவடித் திருத்தாண்டகம், காப்புத் திருத்தாண்டகம். ஆறாம் திருமுறையில் 3 முதல் 7 வரை இவை வரிசையாக உள்ளன. ஏழைத் தாண்டகத்தில், இப்படிப்பட்டவனை முன்பு அறிவின்றி இகழ்ந்தேனே என்ற ஒரே வருத்தம் பாட்டுக்குப் பாட்டு திரும்ப வருகிறது. மன்னிப்புக் கிடைத்து நாளான பிறகும் அவர் அதை விடவில்லை.

== பத்தாம் பாட்டு ==

சம்பந்தரின் பத்தாம் பாட்டை ஒப்பீட்டில் விட்டுவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. விடக் கூடாது. சமணர், பௌத்தரின் உடை, உணவு, உடல் தூய்மை ஆகியவற்றைப் பழிக்கும் அந்தப் பாட்டுகள் இன்று வகுப்பில் வாசிக்கச் சங்கடமானவை. அவை வாதம் செய்வதில்லை. பெரும்பாலும் ஏளனம் செய்கின்றன. மதுரையில் 8000 சமணர் கழுவேறியதாகச் சொல்வது அவருக்கு ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதிய பெரியபுராணம். அது வரலாறா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். ஆனால் பாடல்களில் உள்ள கசப்பு அவருடையதே.

அப்பர் மென்மையானவர் என்று எதிர்ப்பக்கம் நிறுத்துவதும் உண்மை இல்லை. பழையாறை வடதளிக் குறுந்தொகையில் சமணரை அவர் திட்டுவதைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அப்பரின் பல பாடல்களில் அந்தக் கோபம் தம் மேலேயே திரும்புகிறது. தலைமயிர் பறித்ததும் நின்று உண்டதும் தாமே செய்தவை. வெளியிலிருந்து ஏசுவதும் இருந்துவிட்டு வந்து நொந்துகொள்வதும் ஒன்றல்ல. இன்னும் ஒன்று சொல்லலாம்: செய்த வினை தெரியாவிட்டாலும் வலி அதன் பயன் என்ற எண்ணமும், உடலை இரக்கமில்லாமல் பிரித்துப் பார்க்கும் பார்வையும், தன்னைத் தானே விசாரிக்கும் பழக்கமும் அவருக்குப் பாடலிபுத்திரத்துப் பள்ளியில் கிடைத்த பயிற்சியாகவும் இருக்கலாம். சமணம் அவரிடமிருந்து முழுவதும் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன். போகாததால்தான் அந்தக் குரல் வேறு யாருக்கும் வரவில்லை.

== இசை ==

இசையில் சம்பந்தருக்கு நிகர் சம்பந்தர்தான். இதில் தயங்க ஒன்றும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட பண்கள், எண்ணற்ற கட்டளைகள், மாலைமாற்று, ஏகபாதம், எழுகூற்றிருக்கை, மடக்கு என்று தமிழ் யாப்பில் அவர் தொடாதது குறைவு. திருப்பி வாசித்தாலும் அதுவாகவே வரும் மாலைமாற்றுப் பதிகத்தை மாணவர்கள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். தருமபுரத்தில் பாடிய யாழ்மூரி இன்னும் சுவையானது. யாழ்ப்பாணரின் வாசிப்பால்தான் பாட்டுகள் புகழ் பெற்றன என்று அவருடைய உறவினர் பேச, அது பொறுக்காத பாணர், யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாடும்படி தாமே கேட்டார். சம்பந்தர் பாடினார், யாழில் அடங்கவில்லை. பாணர் யாழை உடைக்கப் போனபோது சம்பந்தர் தடுத்து, கருவியில் வருமளவு வாசியுங்கள் என்றார். பாட்டா, வாசிப்பா, எது முதன்மை என்ற தகராறு அன்றே இருந்தது. அதைச் சொந்தக்காரர்கள்தான் கிளப்பினார்கள் என்பதும் மாறவில்லை.

அப்பரின் நான்காம் திருமுறையில் முதல் 21 பதிகங்களே பண் வகையில் சேரும். மற்றவை நேரிசையும் விருத்தமும். ஐந்தாம் திருமுறை முழுதும் குறுந்தொகை, ஆறாம் திருமுறை முழுதும் தாண்டகம். ஓதுவார்கள் விருத்தத்தையும் தாண்டகத்தையும் பெரும்பாலும் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடுவார்கள். தாளம் இல்லாததால் இசை குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். நீளமான தாண்டக அடியை மூச்சு அறிந்து, சொல் உடையாமல், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து பாடுவது எளிதல்ல. தருமபுரம் சுவாமிநாதன் ஓதுவாரின் ஒலிப்பதிவில் ஒரு சம்பந்தர் பதிகத்தையும் ஒரு தாண்டகத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். முதலில் காலால் தாளம் போடுவோம், இரண்டாவதில் கால் நின்றுவிடும்.

== கணக்கு மாறும் இடம் ==

இதுவரை சொன்னதை வைத்து, சம்பந்தர் மகிழ்ச்சி, அப்பர் துயரம் என்று யாராவது குறிப்பெடுத்திருந்தால் அதை அழித்துவிட வேண்டும். பாம்பு கடித்து இறந்தவரை எழுப்பப் பாடியதாக இருவருக்கும் ஒவ்வொரு பதிகம் உண்டு. திருமருகலில் வணிகன் ஒருவன் இறந்துவிட, அவனை நம்பி வந்த பெண் அழுகிறாள். சம்பந்தர் அவள் வாயிலிருந்து வரும் சொற்களையே எடுத்து, இவளை இப்படி மெலியவிடுவது உனக்குத் தகுமா என்று இறைவனிடம் கேட்கிறார். சிறுவர் ஒருவர் ஊர்பேர் தெரியாத ஒரு பெண்ணுக்காக வழக்குரைக்கிறார். அந்தப் பதிகத்தில் ஞானக் குழந்தையின் நிமிர்வு இல்லை. அவள் பக்கம் நிற்பது ஒன்றே இருக்கிறது.

திங்களூரில் அப்பூதி அடிகளின் மகன் இறந்தபோது அப்பர் பாடியது ‘ஒன்றுகொலாம்’ என்னும் பதிகம். தந்தை தன்னை விருந்துக்கு அழைத்து, மகன் இறந்ததை மறைத்து நிற்கிறார். உருகிப் பாட இதைவிடப் பெரிய சந்தர்ப்பம் இல்லை. அப்பர் என்ன செய்கிறார்? ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணுகிறார். ஒவ்வொரு பாட்டிலும் அந்தந்த எண்ணுக்குரிய இறைவனின் அடையாளங்கள். கணக்குப் பாடம் போல நிதானமாக நடக்கும் அந்தப் பதிகத்தில் ஒரு துளிக் கண்ணீர் இல்லை. தம் வயிற்று வலிக்குப் புரண்டவர் பிறர் வீட்டுச் சாவில் நிதானமாக நிற்கிறார்.

திருவதிகைக்கு உரிய இரண்டாம் பதிகமும் இப்படித்தான். பல்லவ மன்னன் யானையை ஏவியபோது பாடியதாகச் சொல்லப்படுவது அது. அஞ்ச எதுவும் இல்லை, அஞ்சும்படி வரப்போவதும் இல்லை என்ற பொருளில் அமைந்தது. கெடிலத்து நீரை உடையவனின் உறவு நாங்கள் என்கிறார். முதல் பதிகத்தில் மூழ்கடிக்கும் நீராக இருந்தது இரண்டாவதில் உறவு சொல்லிக்கொள்ளும் ஆறாகிவிட்டது. அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டதும், அவர் கரையேறிய இடமாகக் கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இருப்பதும் இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும்.

== இருவரும் சேர்ந்தபோது ==

சீகாழியில் முதல் சந்திப்பில் காலில் விழுந்த முதியவரைச் சிறுவர் ‘அப்பரே’ என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. பின்பு திருப்பூந்துருத்தியில், வரும் கூட்டத்துக்குள் புகுந்து சம்பந்தரின் சிவிகையை அப்பர் தாமும் ஒருவராகச் சுமந்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, உங்களைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து குரல் வந்தது. சம்பந்தர் பதறிக் குதித்து வணங்கினார். இதை அப்பரின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சம்பந்தரின் பதற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது. அப்பர் காசு நேராக மாறியது. சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் சோறு தாமதமானது. அப்பர் உழவாரம் எடுத்துக் கைத்தொண்டு செய்தவர், ஆகவே நல்ல காசு என்பது சேக்கிழார் சொல்லும் காரணம். கூலி வேலை செய்தவனுக்குக் கழிவில்லாமல் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை 12-ஆம் நூற்றாண்டுச் சோழ அமைச்சர் இப்படிப் பதிந்திருப்பது எனக்குப் பிடித்த இடம். சம்பந்தர் அதையும் குறுகிய அடிகள் கொண்ட திருவிருக்குக்குறளாகப் பாடி, வட்டம் இல்லாத காசு பெற்றார்.

திருமறைக்காட்டுக் கதவுதான் எல்லாருக்கும் தெரிந்தது. வேதங்கள் பூசித்து அடைத்துவைத்த கதவைத் திறக்க அப்பர் பாடினார். திறக்கவில்லை. பதிகம் முழுவதும் பாடி, கடைசியில் இராவணனை விரலால் நசுக்கிய உமக்கு இரக்கமே இல்லையா என்று கேட்ட பிறகுதான் திறந்தது. அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. ஏன் அப்பருக்கு மட்டும் இத்தனை பாட்டு என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இறைவன் அப்பரின் பாட்டை நெடுநேரம் கேட்க விரும்பினான் என்பது உரைசொல்வோர் விடை. பக்கத்தில் இருந்த இன்னொரு பெண், “பூட்டித் துருப்பிடித்த கதவைத் திறக்கிறதுதானே சார் கஷ்டம், சாத்துறது சுலபம்” என்றாள். நான் அன்று இரண்டாவது விடைக்கே மதிப்பெண் கொடுத்தேன்.

அப்பர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வருந்தினார். அன்றிரவு கனவில் வந்த குறிப்பைப் பின்பற்றி அவர் திருவாய்மூருக்குப் போக, சம்பந்தரும் பின்னால் போனார். அங்கே அப்பர் பாடிய குறுந்தொகையில், திறக்கப் பாடிய என்னைக் காட்டிலும் செந்தமிழை உறுதியாகப் பாடி அடைப்பித்தவர் இதோ வந்து நிற்கிறார், இவருக்கும் உன்னை ஒளிப்பாயா என்று இறைவனைக் கேட்கிறார். இருவரைப் பற்றிய மற்றக் கதைகள் எல்லாம் பின்வந்தோர் சொன்னவை. இது ஒன்று அப்பரே எழுதிவைத்தது. தம் தோல்வியையும் தோழரின் வெற்றியையும் ஒரே பாட்டில் சொல்லி, அதையும் தோழருக்கான விண்ணப்பமாக ஆக்கியிருக்கிறார். ஐந்தாம் திருமுறையில் 50-ஆம் பதிகம் அது. தேர்வுக்கான ஒப்பீட்டை எழுதுமுன் மாணவர்கள் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.